தரையா, தொட்டியா?

அத்தியாயம் 9

தம்பி போன் செய்த இடத்தில் போன வாரம் நின்றோம்.

அக்கா வீட்டு வாசலை இரண்டு வருஷமாக மிதிக்காதவன் அவன். "எப்படி இருக்கே?" என்று கேட்டதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "ஞாயித்துக்கிழமை செடி விக்கிறாங்களாம். வாயேன், சேர்ந்து போலாம்" என்றும் சொல்லிவிட்டான். பெரியவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தக் குடும்பத்தில் அவளுக்குப் பெரியவள் என்றுதான் பேர். ஐம்பது தாண்டியாயிற்று. பல் டாக்டர்களுக்குப் பல் செட் செய்து கொடுக்கும் லேபில் வேலை. அம்மா படுக்கையில் விழுந்தபோது அவளுடைய கல்யாணத்தைத் தள்ளிப் போட்டார்கள். அது தள்ளித் தள்ளி எங்கேயோ போய்விட்டது. அம்மா போன பிறகு அப்பாவும் அவளும் மட்டும் அந்தப் பழைய வீட்டில் இருக்கிறார்கள். வீடு அம்மாவின் பேரில் இருந்தது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

வீட்டுக்குப் பின்னால் தோட்டம். இந்த வருஷத்து வெயிலில் அதில் பாதி கருகிவிட்டது. எங்கிருந்தோ வந்த ரோஜாவும், தண்ணீரைக் குடம் குடமாகக் குடிக்கும் அலங்காரப் புல்லும் முதலில் போயின. இனிமேல் இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த செடிகளைத்தான் வைப்பது என்று பெரியவள் தீர்மானம் செய்திருந்தாள். இதைத் தம்பியிடம் எப்போதோ சொல்லியிருக்கிறாள். அவன் அதை மறக்காமல் வைத்திருந்தான் என்பதே அவளுக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. பாவம், சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் உருகிப் போகிற மனுஷி.

ஞாயிறு காலை அவள் கைப்பையில் ஒரு சின்ன டப்பா இருந்தது. உள்ளே, ஈரப் பஞ்சில் சுற்றிய ஒரு முழுப் பல் செட். அப்பாவுக்காக. ஏற்கெனவே அவருக்கு அவள் செய்து கொடுத்த செட் ஒன்று இருக்கிறது, அது நன்றாகத்தான் இருக்கிறது. இருந்தும், "இன்னொண்ணு செஞ்சு குடும்மா, கைவசம் இருக்கட்டும்" என்று அப்பா போன மாதம் கேட்டார். இந்த வயதில் என்ன சொகுசு பார் என்று கேலி செய்துகொண்டே வேலை முடிந்த பிறகு லேபில் உட்கார்ந்து அவர் வாயின் அச்சை வைத்துச் செய்தாள். நேற்றுதான் மெருகு போட்டு முடித்தாள். சாயந்தரம் கொடுத்து அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

*

விற்பனை ஒரு பள்ளிக்கூட மைதானத்தில். மழை தொடங்குவதற்கு முன்னால் வருஷத்துக்கு ஒருமுறை நடப்பது. கம்பெனி எதுவும் இல்லை, செடிப் பைத்தியங்கள் சிலர் சேர்ந்து வீட்டில் விதை போட்டு வளர்த்துக் கொண்டுவந்து விற்கிறார்கள். கூட்டம் அலைமோதியது.

செடிகளைப் பார்த்ததும் தம்பி மனைவி முகத்தைச் சுளித்தாள்.

"என்ன அண்ணி இது, எல்லாம் குச்சி குச்சியா நிக்குது? பாதி செத்துப் போன மாதிரி இருக்கே."

"சாகலை. தூங்குது. மழை வந்தா எழுந்துக்கும்."

"இதுக்கு ஒரு பிளாஸ்டிக் பூ வாங்கி வெச்சா தூசி தட்டினா போதும்."

வழக்கமாக இந்த மாதிரி பேச்சுக்குப் பெரியவளுக்குச் சுருக்கென்று இருக்கும். இன்றைக்குச் சிரித்தாள். தம்பி கைவண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தான். அவள் காட்டியதையெல்லாம் எடுத்து வைத்தான். சாம்பல் நிற இலைச் செடி ஒன்று, தரையோடு படர்கிற மஞ்சள் பூக்கொடி, வண்ணத்துப்பூச்சி முட்டையிடும் என்று சொன்ன ஒரு புதர்.

"வேற என்ன வேணும்? கூச்சப்படாம எடு. எல்லாம் நான் குடுக்கறேன்."

சின்ன வயதில் அவள் பென்சிலைக்கூடக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போகிறவன் அவன். இப்போது தேன் ஒழுகப் பேசுகிறான். அவளுக்குக் கண் கலங்கிற்று. வெயில் என்று சொல்லித் துடைத்துக்கொண்டாள்.

கடைசி மேஜையில் அது நின்றது. முழங்கால் உயரக் குச்சி. நான்கே இலை. ஆனால் தொட்டி மட்டும் குழாய் மாதிரி நீளமாக இருந்தது. பச்சை ஏப்ரன் கட்டிய அம்மாள் ஒருவர் அதற்குப் பக்கத்தில் நின்றார்.

"இதுக்கு நாங்க பிடிவாதக்காரின்னு பேர் வெச்சிருக்கோம்" என்றார் அவர். "மேல ஒண்ணும் தெரியாது. கீழ வேர் நேரா இறங்கிட்டே இருக்கும். ஒரு தடவை நட்டாச்சுன்னா அவ்வளவுதான், இடம் மாத்த முடியாது. மாத்தினா போயிடும்."

"பேர் பொருத்தம் பாருங்க அண்ணி" என்று தம்பி மனைவி சிரித்தாள். "உங்களுக்குன்னே வளர்த்திருக்காங்க."

"மரமாகுமா?" என்று பெரியவள் கேட்டாள்.

"உங்க காலத்துல நிழல் குடுக்கும். அதுக்கப்புறமும் நிக்கும்."

பெரியவள் அதைத் தானே தூக்கி வண்டியில் வைத்தாள். தோட்டத்தில் எந்த இடம் என்றுகூட அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டாள். அம்மாவின் துணி காயும் கொடிக்கம்பம் இருந்த இடம். சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே.

"நீங்க வரிசையில நில்லுங்க" என்று இருவரிடமும் சொன்னாள். "நான் ஒரு எட்டு போய் உரம் பார்த்துட்டு வந்துடறேன்."

அவள் உரம் பார்த்தாள், முகர்ந்தாள், ஒரு பை வாங்கினாள். திரும்பி வந்தபோது வண்டி வரிசையின் முன்னால் இருந்தது. செடி ஒவ்வொன்றின் கழுத்திலும் மஞ்சள் நூல் கட்டியிருந்தது. பிடிவாதக்காரியைக் காணவில்லை.

"எங்க அது?"

"எது?" என்றான் தம்பி.

"அந்த நீளத் தொட்டி."

"தெரியலையே. அவங்கதான் எடுத்தாங்க. சரி விடு, குச்சிதானே."

பெரியவள் நேரே ஏப்ரன் அம்மாளிடம் போனாள். பிடிவாதக்காரி அவர் மேஜைக்கே திரும்பி வந்து சமர்த்தாக நின்றுகொண்டிருந்தது.

"தப்பா நினைச்சுக்காதீங்கம்மா" என்றார் அவர். "நாங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் தரையா தொட்டியான்னு கேட்டுத்தான் குடுப்போம். தரைன்னா பச்சை நூல், தொட்டின்னா மஞ்சள் நூல். தொட்டிக்காரங்களுக்கு இதைக் குடுக்கறதில்லை. வேர் இறங்க வழியில்லாம செத்துப் போயிடும். வருஷத்துல நாலஞ்சுதான் முளைக்குது, மனசு வராது."

"எனக்குத் தரைதான். வீட்டுக்குப் பின்னாடி அவ்வளவு இடம் கிடக்கு."

"அப்படியா? உங்க தம்பி தொட்டின்னாரே. மூணாவது மாடி, பால்கனிதான் இருக்குன்னு சொன்னாரே."

பெரியவள் திரும்பிப் பார்த்தாள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தம்பியின் முன்பல் ஒன்று அவன் சொந்தப் பல் இல்லை. கல்யாணத்துக்கு முந்தின வாரம் பைக்கிலிருந்து விழுந்து உடைத்துக்கொண்டான். பெரியவள்தான் பக்கத்துப் பல்லின் நிறத்தைப் பார்த்துப் பார்த்து, ஒன்றுக்கு மூன்றாகச் செய்து, அதில் நன்றாக அமைந்ததை வைக்கக் கொடுத்தாள். அதிலிருந்து அவனுக்கு ஒரு பழக்கம். பொய் சொல்லும்போது நாக்கின் நுனியால் அந்தப் பல்லைப் பின்னாலிருந்து நெருடுவான். அவன் மனைவிக்கு இது தெரியாது. அவனுக்கே தெரியாது. செய்த கைக்குத் தெரியும்.

"எந்த மூணாவது மாடி?" என்று கேட்டாள்.

"அது... அவங்க தப்பா கேட்டுட்டாங்க." மேலுதடு ஒருமுறை அசைந்தது. நாக்கு பல்லைத் தேடிப் போய்விட்டது.

"எந்த மாடிடா?"

"அக்கா, இங்க வேண்டாம். வீட்டுக்குப் போய் பேசிக்கலாம்."

தம்பி மனைவிதான் போட்டு உடைத்தாள். ஒருவேளை அவளுக்கும் மென்று முழுங்கி அலுத்துவிட்டதோ என்னவோ. "இப்ப சொன்னா என்ன? என்னிக்கிருந்தாலும் தெரியத்தானே போகுது? அண்ணி, அந்த வீட்டுக்கு நல்ல பார்ட்டி வந்திருக்கு. இடிச்சிட்டு மாடி மாடியா கட்டப் போறாங்க. உங்களுக்குன்னு தனியா ஒரு வீடு பார்த்து வெச்சிருக்கோம். புதுசு. லிஃப்ட் இருக்கு. பால்கனியில நல்ல வெயில் வருது, உங்க செடியெல்லாம் வெக்கலாம்."

"உங்களுக்குன்னு தனியான்னா? அப்பா?"

"மாமா எங்ககூட வந்துடுவார்."

பக்கத்தில் ஒருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு, "கொஞ்சம் நகருங்க" என்றார். மூவரும் நகர்ந்தார்கள்.

"ரெண்டு வருஷமா எட்டிப் பார்க்கலை நீ" என்றாள் தம்பியிடம். "இன்னைக்கு வண்டி தள்றே. கூச்சப்படாம எடுங்கறே. எங்க டாக்டர் பல்லைப் பிடுங்கறதுக்கு முன்னாடி ஊசி போடுவாரு. வலிக்காது வலிக்காதுன்னு தலையைத் தடவிக்கிட்டே போடுவாரு. அதுதானா இது?"

"நல்லதுக்குத்தான்க்கா செய்யறோம். நீ இன்னும் எத்தனை நாளைக்கு அந்த வீட்டைக் கட்டிக்கிட்டு மாரடிக்கப் போறே? கூரை ஒழுகுது. தோட்டம் காஞ்சு கிடக்கு."

"கூரை ஒழுகுதுன்னு உனக்கு எப்படித் தெரியும்? நீதான் வரதே இல்லையே."

தம்பி வண்டியிலிருந்த செடிகளை நகர்த்தி வைத்தான்.

"அப்பாவுக்கு இது தெரியுமா?"

"தெரியாது. இன்னும் சொல்லலை" என்றான். "உன்கிட்ட கேட்டுட்டுத்தான் சொல்லணும்னு இருந்தோம்."

அவன் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அசைந்தது.

இல்லை, இது வெறும் பழக்கதோஷம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அப்பா அப்படிச் செய்ய மாட்டார். காலையில் புறப்படும்போதுகூட, "நல்லதா பார்த்து வாங்கும்மா" என்று சொல்லித்தானே அனுப்பினார்?

ஏப்ரன் அம்மாள் சங்கடத்தோடு நூல் கண்டுகளை உருட்டிக்கொண்டிருந்தார். பெரியவள் அவரிடம் போனாள்.

"அதுக்குப் பச்சை நூல் கட்டுங்க. தரைதான்."

"நிச்சயமாம்மா? தரை இருக்குதானே?"

"இருக்கு" என்றாள் பெரியவள். "இன்னைக்கு இருக்கு."

மற்ற செடிகளை அப்படியே விட்டுவிட்டாள். அவற்றுக்குத் தம்பி பணம் கொடுத்தானா, திருப்பி வைத்தானா என்று பார்க்கக்கூட இல்லை. பிடிவாதக்காரிக்கு மட்டும் தன் பையிலிருந்து கொடுத்தாள். "கார்ல ஏறு, நான் கொண்டு போய் விடறேன்" என்று தம்பி பின்னாலேயே வந்து சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் பஸ் ஏறினாள். மடியில் தொட்டி. கண்டக்டர் செடிக்கும் டிக்கெட் எடுக்கணும் என்று ஜோக் அடித்தார். அவள் உண்மையென்று நினைத்துப் பையைத் திறந்தாள். மனுஷர் பதறிப்போய், "சும்மா சொன்னேன்மா" என்றார்.

*

வீட்டில் அப்பா சமையலறை மேஜையருகே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியா? அவங்க வரலை?"

"வரலை."

"என்னம்மா, ஒண்ணே ஒண்ணுதானா?"

"ஒண்ணே ஒண்ணுதான்."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. பேப்பரை மறுபடி உயர்த்திக்கொண்டார். அந்தப் பேப்பரைப் பிடுங்கிவிட்டு, "அப்பா, உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்க ஒரு நிமிஷம் ஆகாது. கேட்கத் தைரியம் வரவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். கைப்பையை மேஜைமேல் வைத்தாள். புது செட் அதில்தான் இருந்தது. அப்புறம் கொடுக்கலாம், முதலில் இதை நட்டுவிடலாம் என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள்.

கொடிக்கம்பம் இருந்த இடம். மண் இறுகிக் கிடந்தது. மேலே காய்ந்த புல்லை யாரோ பரப்பிவிட்ட மாதிரி இருந்தது, காற்றாக இருக்கும் என்று நினைத்தாள். கோபம் முழுவதையும் கையில் கொண்டுவந்து மண்வெட்டியை ஓங்கினாள்.

"அங்க வேண்டாம்மா!"

ஜன்னலில் அப்பா. இந்தத் தோட்டத்தில் என்ன செடி இருக்கிறது, எது பூத்தது, எது பட்டுப்போனது என்று இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை கேட்காத மனிதர். ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அங்க தோண்டாதே. கொஞ்சம் தள்ளித் தோண்டு. அங்க கம்பி இருக்கு, கையில பட்டுடப் போகுது."

மண்வெட்டி அதற்குள் இறங்கிவிட்டது. ணங்கென்று ஒரு சத்தம். குனிந்து மண்ணைத் தள்ளிப் பார்த்தாள். இடம் அளக்கிறவர்கள் அடிக்கிற, தலையில் சிவப்புப் பெயின்ட் பூசிய இரும்பு முளை. தரை மட்டத்துக்கு அடித்து இறக்கியிருந்தார்கள். பெயின்ட் இன்னும் புதுசாகப் பளபளத்தது.

பெரியவள் நிமிர்ந்தாள்.

"இங்க கம்பி இருக்குன்னு உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

அப்பா ஜன்னல் கம்பியிலிருந்து கையை எடுத்தார்.

"யாரு வந்து அளந்தாங்க?"

"நீ வேலைக்குப் போயிருந்தப்ப வந்தாங்க" என்றார் அப்பா மெதுவாக. "அவனும் வந்திருந்தான். நான்தான் கேட்டைத் திறந்து விட்டேன்."

கூரை ஒழுகுவது தம்பிக்குத் தெரிந்த வழி அவளுக்கு இப்போது விளங்கிற்று.

மண்வெட்டியைக் கீழே போடவும் தோன்றாமல் அப்படியே ஜன்னலுக்குக் கீழே போய் நின்றாள். அவர் உள்ளே, இவள் வெளியே. நடுவில் கம்பி.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா?"

"நீ கத்துவேன்னு..."

"நான் எப்பப்பா கத்தியிருக்கேன்?"

அப்பா யோசித்துப் பார்த்தார். உண்மையாகவே யோசித்தார்.

"கத்த மாட்டே. பேசாம நிப்பே, இப்ப நிக்கற மாதிரி. அதுக்குத்தான் பயந்தேன்." அவர் ஜன்னல் கம்பியை மறுபடி பிடித்துக்கொண்டார். "எனக்கும் ஆசை இருக்காதாம்மா? பேரப் பிள்ளைங்க வளர்ந்துட்டே போகுதுங்க. அவன் வா வான்னு கூப்பிடறான். இங்க நீ காலையில போனா சாயந்தரம் வர்றே. நான் நாள் பூரா இந்தச் சுவரைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கேன்."

"அப்ப நான்?"

"உனக்குத்தான் வீடு பார்த்திருக்கானே."

இத்தனை வருஷம் அவர் காலில் நகம் வெட்டியவள், காய்ச்சலில் கண் விழித்தவள், அவர் மெல்லுகிற ஒவ்வொரு பல்லையும் தன் கையால் செதுக்கியவள், அந்த ஒரு வாக்கியத்தில் காலி செய்யப்பட்டாள். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

"நாளைக்குக் காலையில அந்தப் பார்ட்டிக்காரங்க வராங்க" என்றார் அப்பா. "அம்மா பேர்ல இருந்த வீடு. மூணு பேரும் சம்மதிக்கணுமாம். நானும் அவனும் சரின்னாச்சு. நீ மட்டும்தான் பாக்கி. வந்தவங்க முன்னாடி எதிர்த்துப் பேசி அவனை அசிங்கப்படுத்திடாதேம்மா."

"நான் மாட்டேன்னு சொன்னா?"

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு வாய்க்குள் விரலை விட்டு மேல் வரிசையையும் கீழ் வரிசையையும் கழற்றி, மேஜைமேல் இருந்த தண்ணீர் டம்ளரில் போட்டார். அவருக்குப் பிடிக்காத பேச்சை அவர் முடித்துக்கொள்ளும் வழி அது. அவள் செய்து கொடுத்த நாளிலிருந்து அப்படித்தான். பல் டம்ளருக்குப் போய்விட்டால் அதற்கு மேல் பதில் கிடையாது.

பெரியவள் திரும்பிப் போனாள். முளையைச் சுற்றித் தோண்டினாள். அசைத்து அசைத்து, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். உள்ளங்கை கிழிந்தது. கடைசியில் அது வந்தது. நல்ல நீளம். அது விட்டுப்போன குழியும் அப்படியே நேராக, ஆழமாக இறங்கியிருந்தது. அதை இன்னும் கொஞ்சம் அகலமாக்கி, நீளத் தொட்டியைக் கவிழ்த்து, வேர் உடையாமல் பிடிவாதக்காரியை அதில் இறக்கினாள். மண் தள்ளி மிதித்தாள். தண்ணீர் விட்டாள். பச்சை நூலை அவிழ்க்கவில்லை.

முளையைக் கழுவாமலேயே கொண்டுவந்து சமையலறை மேஜையில், டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள். அப்பா அதைப் பார்த்துவிட்டுக் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். பெரியவள் குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். தண்ணீர் பட்டு உள்ளங்கை எரிந்தது.

"ஏம்மா" என்றார் அப்பா. பல் இல்லாத வாயில் வார்த்தை குழைந்து வந்தது. பல் டம்ளருக்குப் போன பிறகு அவர் பேசியது இதுதான் முதல் தடவை. சமாதானம் சொல்லப் போகிறார் என்று நினைத்து அவள் ஆவலோடு திரும்பினாள்.

"அந்த இன்னொரு செட்டு கேட்டேனே, அது ஆச்சா?"

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதை மூடினாள்.

போன மாதம் கேட்டார். கைவசம் இருக்கட்டும் என்றார். மகன் வீட்டில் பல் உடைந்தால் உட்கார்ந்து ஒட்டித் தர அங்கே யார் இருக்கிறார்கள்? கேட்டைத் திறந்து விடுவதற்கு முன்னாலேயே, முளை அடிப்பதற்கு முன்னாலேயே, அவர் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டார். அதில் வைக்க வேண்டிய முதல் சாமானை அவளிடமே கேட்டு வாங்கப் பார்த்திருக்கிறார். அவளும் கேலி செய்து சிரித்துக்கொண்டே, பார்த்துப் பார்த்து மெருகு போட்டிருக்கிறாள்.

மேஜைமேல் கைப்பை இருந்தது. அதற்குள் டப்பா. அப்பாவின் கை எட்டுகிற தூரம்தான்.

பெரியவள் கையைத் துடைத்துக்கொண்டாள். கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"இல்லைப்பா" என்றாள். குரல் தெளிவாக இருந்தது. "அச்சு உடைஞ்சு போச்சு. இனிமேதான் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."